கரியும் செம்பும் பொருந்தும் வரை

ரிமோட் கார்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மோட்டாரின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள, புணேயின் ஐயூகா வானியல் மையத்தில் அரவிந்த் குப்தா குழந்தைகளுக்குச் செய்து காட்டிய எளிய மோட்டாரைவிடச் சிறந்த வழி இல்லை. ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், செம்புக் கம்பிச் சுருள் ஆகியவற்றாலான அதில், கம்பி முனையின் எனாமல் பூச்சை ஒரு பக்கம் விட்டுவிட்டுச் சுரண்டிவிடுவதால், சுருள் சுழலச் சுழல மின்சாரம் உரிய கணத்தில் பாய்ந்தும் நின்றும் அதைத் தொடர்ந்து சுற்றவைக்கிறது.

கார் மோட்டாரில் இந்த வேலையைச் செய்வது, அச்சோடு சுழன்றபடி சுருள்களில் மின்னோட்டத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருக்கும் செம்புத் துண்டுகளாலான உருளையான கம்யூட்டேட்டர். அதன்மீது ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் உரசி நிற்கும் கரித்துண்டுகளே பிரஷ்கள். 1930 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட பம்பாய்–புணே டெக்கான் குவீன் ரயிலை 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் இழுத்த என்ஜின்களும் இதே தத்துவத்தில்தான் ஓடின.

புதிய பிரஷின் முகம் உருளையின் வளைவோடு முழுமையாகப் பொருந்தாமல் சிறு பரப்பில் மட்டுமே தொடுவதால், மோட்டாரை வாங்கியவுடன் 7.2 வோல்ட் பேட்டரியில் முழு வேகத்தில் ஓட்டினால், மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறு பரப்பின் வழியே பாய்ந்து தீப்பொறி பறந்து செம்பில் குழிகள் விழுகின்றன. எனவே பல்சக்கரத்தோடு இணைக்காமல், 2 அல்லது 3 வோல்ட்டில் சில நிமிடங்கள் ஓட்டுவதும், இடையிடையே ஆறவிடுவதும் முறை. கழற்றக்கூடிய பிரஷாக இருந்தால் அதன் முகத்தையே பார்த்துவிடலாம்: உரசிய இடம் பளபளக்கும், உரசாத இடம் மங்கலாக இருக்கும், பளபளப்பு முகத்தின் பெரும்பகுதிக்குப் பரவியதும் மோட்டார் பழகிவிட்டது எனக் கொள்ளலாம். தண்ணீரில் மூழ்கவைத்து ஓட்டினால் இது விரைவில் முடியும் என்பது உண்மையே. ஆயினும் உடனே உலர்த்தி எண்ணெய் இடாவிட்டால் அச்சு துருப்பிடிக்கும் என்பதால், பொறுமையான முறையே மேல்.

விலை குறைந்த மோட்டார்களில் அச்சைத் தாங்குவது, வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்யப்படும் புஷ். அதன் நுண்துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெய் ஓட்டத்தின் சூட்டில் கசிந்து அச்சை நனைக்கிறது. அது வற்றும்போது மெல்லிய மெஷின் ஆயிலில் ஒரு சொட்டை, ஊசி முனையால், அச்சும் புஷ்ஷும் சேரும் இடத்தில் வைத்தால் போதும். அதற்கு மேல் விட்டால் கம்யூட்டேட்டர்வரை வழிந்து, கரித்தூளோடு குழைந்து, செம்புத் துண்டுகளுக்கு இடையேயுள்ள வெட்டுகளை அடைத்துவிடும். சமையல் எண்ணெயோ நாளடைவில் பிசினாகிவிடும்.

பிரஷ் இல்லாத இன்றைய மோட்டார்களில் உரசிப் பொருந்த வேண்டிய கரி இல்லாததால் பழக்கும் வேலையும் இல்லை. பால் பேரிங்குகளைத் துடைத்து எண்ணெயிடும் வேலை மட்டும் அவற்றிலும் உண்டு.