ஒரு குற்றவாளியும் பல முடிவுகளும்: ஹொங்கொங் பொலிஸ் படமொன்று பற்றிய கருத்து வேறுபாடுகள்

ஹொங்கொங்கிலே 2002 டிசெம்பரில் வெளிவந்த ‘இன்ஃபேர்னல் அஃபெயர்ஸ்’ என்னும் கன்டனீய மொழித் திரைப்படம் பற்றி இருபதாண்டுகள் கடந்தும் விமர்சகரிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை. பொழுதுபோக்குக்காக ஆக்கப்பட்ட பொலிஸ் படமொன்றுக்கு இத்துணை விவாதம் வேண்டுமா என நம்மவர் சிலர் வினவக்கூடும். வணிகச் சினிமாவை நச்சென்று ஒதுக்கிவிட்டு அமைதிகாணும் வழக்கம் முற்போக்காளரிடையே நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கம் ஆய்வுக்கு உதவுவதன்று. பெருந்தொகையான மக்கள் விரும்பிப் பார்க்கும் ஒன்று அவர்தம் பிரக்ஞையிலே எதனைத் தொடுகின்றது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அன்ட்ரூ லாவ், அலன் மாக் ஆகிய இருவரும் நெறிப்படுத்திய இப்படத்தின் கதை எளிமையானது. சாம் என்ற பாதாள உலகத் தலைவன் மிங் என்ற இளைஞனைப் பொலிஸ் படைக்குள் சேர்த்துவிடுகிறான். மறுபுறத்திலே, பொலிஸ் அதிகாரி வொங், சான் என்ற பயிலுநனை வெளியேற்றுவதுபோல் வெளியேற்றி அக்கும்பலுக்குள் அனுப்புகிறார். ஆண்டுகள் பல கழிந்தபின் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும்படி இருவரும் பணிக்கப்படுகின்றனர். சானாக டோனி லியுங்கும் மிங்காக அன்டி லாவும் நடித்துள்ளனர்.

இப்படத்தைப் போற்றுவோரிற் பெரும்பாலோர் இதனை 1997இல் பிரித்தானியரிடமிருந்து சீனாவிடம் கையளிக்கப்பட்ட நகரின் உருவகமாகக் கொள்வர். தான் யார் என்பதை அறியாத மனிதனே தான் யாருடையது என்பதை அறியாத நகரம் என்பது அவர்தம் வாதம். 1969இல் தமக்கு வழங்கப்பட்ட ‘அரச’ என்னும் அடைமொழியை ஹொங்கொங் பொலிஸார் 1997இல் ஒரே இரவிற் களைந்தனர் என்பதை நோக்குமிடத்து இவ்வாதம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும் உருவகம் தேடும் விமர்சனம் எளிதிற் களைத்துவிடுவது. எல்லாம் நகரத்தைக் குறிக்குமாயின் எதுவும் எதனையும் விளக்காது.

வேறு சிலர் இதனை வெறுங் கைவினையென்பர். 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இருநூறுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்த தொழில் நூறுக்குங் கீழே வீழ்ந்திருந்த வேளையிலே, இரு நட்சத்திரங்களை ஒருங்குசேர்த்துச் சந்தையை மீட்க எடுத்த முயற்சியே இது என்பர். இதிலும் உண்மையுண்டு. ஆனால் ஜோன் வூவின் ‘ஹார்ட் பொயில்ட்’ (1992) போன்ற முந்திய படங்களிலே துப்பாக்கிச் சூடு நிகழும் இடத்தில் இங்கு பெரும்பாலும் தொலைபேசியும் மௌனமுமே உள்ளன. சந்தைத் தேவை ஒன்றே இம்மாற்றத்தை விளக்கிவிடாது.

இடதுசாரி நோக்கினரின் கண்டனமே நமக்கு முக்கியமானது. படம் பொலிஸ் நிறுவனத்தைத் தூய்மைப்படுத்துகிறது என்பர் அவர். இங்கு வரலாற்றைச் சற்று நினைவுகூர்தல் அவசியம். 1973இலே பீற்றர் கொட்பர் என்ற உயர் பொலிஸ் அதிகாரி, தமது வருமானத்துக்கு ஒவ்வாத பெருஞ்செல்வம் குறித்து விசாரிக்கப்படுகையிலேயே நாட்டைவிட்டுத் தப்பியோடினார். மக்கள் வீதியில் இறங்கினர். 1974இல் ஊழலுக்கெதிரான சுயாதீன ஆணைக்குழு நிறுவப்பட்டது. 1977இல் பொலிஸார் அவ்வாணைக்குழுவின் அலுவலகத்துள்ளேயே புகுந்து கலகம் விளைவிக்க, ஆளுநர் பழைய குற்றங்கள் பலவற்றுக்கு மன்னிப்பு வழங்கவேண்டியதாயிற்று. அக்காலத்துப் பொலிஸ் படைக்குள் குற்றவாளியை வெளியிலிருந்து அனுப்பவேண்டிய தேவையே இருக்கவில்லை. இலஞ்சம் உள்ளிருந்தே, பதவி வரிசைப்படி பங்கிடப்பட்டது. படமோ ஊழலை வெளியார் அனுப்பிய ஒற்றனாக்கிவிடுகிறது. இதன் கருத்தியல் எல்லை இவ்விடத்திலேதான் துலாம்பரமாகின்றது.

ஆயினும் அதே படம் தன் எல்லையை மீறும் இடமும் உண்டு. அது அதன் முடிவு. சான் மின்தூக்கியிலே சுட்டுக் கொல்லப்படுகிறான். அவனைச் சுட்டவன் பொலிஸுக்குள்ளிருந்த சாமின் மற்றோர் ஆள். அவனை மிங் கொன்றுவிட்டு, பொலிஸ் அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தவாறு வெளியே வருகிறான். தண்டனை இல்லை. சீனப் பெருநிலத்துக்கென ஆக்கப்பட்ட பிரதியிலோ அவன் கைதுசெய்யப்படுகிறான். குற்றம் வெல்வதாகக் காட்டலாகாது என்பது அங்குள்ள தணிக்கையின் நிலைப்பாடு. மார்ட்டின் ஸ்கோர்சேஸி இக்கதையை பொஸ்ரன் நகருக்கு மாற்றி எடுத்த ‘த டிபார்ட்டட்’ (2006) என்ற படத்திலே, சக பொலிஸ்காரன் ஒருவன் அவனைச் சுட்டுக் கொல்கிறான். சிறந்த படத்துக்கான ஒஸ்கார் அதற்கே கிடைத்தது. இருவேறு சமூக அமைப்புகள், இருவேறு தணிக்கைகள். ஒன்று அரசினுடையது, மற்றது பார்வையாளரின் திருப்தியைக் கணக்கிடும் முதலாளியினுடையது. தண்டிக்கப்படாத அதிகாரியைத் திரையிலே விட்டுவைக்க இரண்டுமே உடன்படவில்லை.

2003இல் வெளிவந்த மூன்றாம் பாகம் மிங்கைச் சித்தப்பிரமைக்குள்ளாக்கித் தன்னையே சுட்டுக்கொள்ள வைக்கின்றது. பெருநிலப் பொலிஸ் அதிகாரியொருவரும் அதில் முக்கிய பாத்திரமாகிறார். ஹொங்கொங் படங்களுக்குப் பெருநிலச் சந்தையைத் திறந்துவிட்ட பொருளாதார ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அதே ஆண்டிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

படத்தின் சீனத் தலைப்பு பௌத்தம் கூறும் அவீசி நரகத்தை, அதாவது இடையறாத வேதனையைச் சுட்டுவது. அதனைக் காட்டி, மிங் உயிர்வாழ்வதே அவனுக்குரிய தண்டனை என்று அமைதிகூறும் விமர்சகரும் உளர். சமூகப் பிரச்சினையைக் கர்மவினையாக மாற்றும் பழைய உத்தி இது. இயக்குநர்களே இதற்கு இடமளித்துள்ளனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2019இல் பொலிஸாரின் செயல்களை விசாரிக்கச் சுயாதீன ஆணைக்குழு வேண்டுமென அதே நகரின் வீதிகளில் நின்றோர் கேட்டது நரகத்தையன்று, விசாரணையையே.

விமர்சகர் அதிகம் பேசாத பாத்திரமொன்றைச் சுட்டுதல் வேண்டும். கெயுங் என்பவன் கும்பலின் கடைநிலை அடியாள், பெரும்பாலும் நகைப்புக்குரியவன். சான் யாரென்பதை ஊகித்துக்கொண்ட அவன், அதைத் தலைவனிடம் சொல்லாமலே குண்டடிபட்டு இறக்கிறான். வொங்கும் சாமும் தத்தம் ஆட்களைக் கருவியாகவே கையாளும் உலகிலே, பதவியும் கோப்பும் எதிர்பார்ப்பும் இல்லாத இவன் ஒருவனே சானை நண்பனாக நடத்தியவன். அவனது மரணத்துக்குப் படம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு.