எந்த வீடு மலிவு? டேப் வைத்துப் பாருங்க!

எங்கள் செல்லூரில் ஒரே தெருவில் மூணு வீடு விலைக்கு வந்தால் மூணும் மூணு விதம். ஒன்று தறி போட்டிருந்த பழைய ஓட்டு வீடு, ஒன்று பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள தளம் போட்ட வீடு, இன்னொன்று அபார்ட்மென்ட். எல்லாத்துக்கும் புரோக்கர் பேச்சு ஒன்றுதான், "சதுர அடி இவ்வளவு!"

என் தங்கை நகையை விற்று, லோனும் போட்டு வீடு வாங்கப் புறப்பட்டாள். ஓட்டு வீடு ஒன்றரை சென்ட், கட்டடம் 450 சதுர அடி, 42 லட்சம். அபார்ட்மென்ட் 750 சதுர அடி, 36 லட்சம். "இதுதான்க்கா மலிவு. சதுர அடி 4,800 தானே, அங்கே 9,000த்துக்கு மேல போகுது" என்றாள்.

தையல் டேப்பை எடுத்துக் கொண்டு இருவரும் போனோம். அபார்ட்மென்ட்டில் உள்ளே புழங்கும் இடம் 560 தான்! மாடிப்படி, நடை, லிப்ட் எல்லாம் அந்த 750ல் சேர்த்தி. ஆக, சதுர அடி 6,400க்கு மேல். 2016ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய புது அடுக்குமாடிகளில் இந்த உள் அளவை (கார்ப்பெட் ஏரியா) சொல்லியே ஆகணும். பழசை வாங்கும்போது நாமே அளந்தால்தான் உண்டு.

அடுத்தது மண். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அந்தத் தெருவில் காலிமனை சென்ட் 25 லட்சம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அப்படியானால் ஓட்டு வீட்டில் மண்ணுக்கே முப்பத்தேழரை லட்சம், கட்டடத்துக்கு நாலரைதான். அபார்ட்மென்ட் பத்திரத்தில் பிரிக்கப்படாத மனைப் பாகம் 250 சதுர அடி. அது 14 லட்சத்துச் சொச்சம். மீதி 21 லட்சத்துக்கு மேல், வருஷா வருஷம் பழசாகும் கட்டடத்துக்கு! தனி வீட்டைப் பதியும்போதும் மனைக்கு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்கு வேறு மதிப்பு என்றுதானே பிரிக்கிறார்கள்.

அதற்காக ஓட்டு வீட்டைக் கண்ணை மூடிக் கொண்டு வாங்கச் சொல்ல மாட்டேன். ஓட்டைப் பிரித்துத் தளம் போட, தறிக்குழியை மூட, ஒயரிங் மாற்ற ஆகும் செலவை விலையோடு கூட்டணும். பொதுச்சுவர் வீடென்றால், மாடி எழுப்பும்போது பக்கத்து வீட்டாரோடு மல்லுக்கட்டு. வாசல் மட்டத்தையும் பாருங்க. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கி எங்கள் பகுதித் தெருக்களில் தண்ணீர் புகுந்தது மறக்குமா? ரோட்டைவிடப் பள்ளமான வீட்டை விலை குறைத்தே கேட்கணும்.

கொத்தனார் ஐந்து லட்சம் ஆகும் என்கிறார். அதைக் காட்டி 42ஐ 39க்கு இறக்கப் பேசிக் கொண்டிருக்கிறாள் தங்கை. வில்லங்கச் சான்றிதழுக்கும் மனு போட்டாச்சு.

- ஒரு வாசகி, செல்லூர், மதுரை.