பின்வரிசையும் ஒருநாள் முன்வரிசையாகும்

சென்ற வாரயிறுதியில் பெங்களூருவில் நடைபெற்ற இரண்டு நாள் ‘லைன் டான்ஸ்’ பயிற்சிக்குச் சென்றிருந்தோம். அமெரிக்காவில் வளர்ந்த இந்த ஆட்டத்துக்கு இணை தேவையில்லை. அனைவரும் வரிசையாக நின்று, ஒரே அடிகளை ஒருசேர வைத்தால் போதும்.

முதலில் கற்றது, 1976ஆம் ஆண்டில் ரிக் சில்வர் அமைத்த ‘எலெக்ட்ரிக் ஸ்லைடு’. பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 18 எண்ணிக்கைகள்: வலப்புறம் நான்கு, இடப்புறம் நான்கு, பின்னோக்கி நான்கு, முன்னும் பின்னும் அசைந்து நான்கு, எஞ்சிய இரண்டில் இடப்புறமாகக் கால்வட்டத் திருப்பம். பிறகு மீண்டும் முதலிலிருந்து.

பிழை தெரியக்கூடாதென்று கடைசி வரிசையில் நின்று, முன்னிருந்தோரின் கால்களைப் பார்த்தே ஆடினோம். இரண்டு திருப்பங்கள் முடிந்ததும் அரங்கமே எதிர்த்திசை நோக்கியது. நாங்களே முன்வரிசை ஆனோம்! பார்த்து ஆட எவருமில்லை, கால்கள் தடுமாறின. அருகில், தனியாக வந்திருந்த முதிய அம்மையார் மெல்ல எண்ணத் தொடங்கினார். அவர் குரலைத் துணைக்கொண்டு ஆட்டத்தில் மீண்டும் இணைந்தோம்.

மறுநாள் எவர் காலையும் பார்க்கவில்லை; எண்ணிக்கையை நாங்களே சொல்லிக்கொண்டோம். கற்க விழையும் வாசகர்களும் முதலில் எண்ணிக்கையை மனத்தில் இருத்துங்கள். கால்கள் தாமே பின்தொடரும்.