பெட்டிக்குள் வந்த திராட்சை மது

மடவார் வளாகத்தில் கோயில் கொண்டிருக்கும் வைத்தியநாதர் திருமலை நாயக்க மன்னரின் பிணியைத் தீர்த்தருளினார் என்ற ஐதிகத்தைக் கேட்டு வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு, வைத்தியர் கொடுத்த, நொதித்த மருந்தாகிய அரிஷ்டத்தை அளந்து குடிப்பது புதிய சங்கதியன்று. ஆயினும், கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியேறிய பிள்ளைகள், கடையில் ஒரு பெட்டியை வாங்கிவந்து வீட்டிலேயே ஒயின் தயாரிக்கிறோம் என்று தொலைபேசியில் சொல்லும்போது, அவர்களே சற்றுத் திகைத்துப்போகிறார்கள். பெட்டிக்குள் அடங்கிய வித்தை நம் வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டுவந்த வித்தையே என்பதை அறிந்தால் அத்திகைப்பு நீங்கும்.

‘ஒயின் கிட்’ என்று வழங்கும் அப்பெட்டி சாதாரணமாக 23 லிட்டர், அதாவது ஏறக்குறைய 30 பாட்டில் ஒயினுக்கு அளவானது. அதில் நீர் வற்றச் சுண்டிய திராட்சைச் சாறு ஒரு பையிலும், உலர்ந்த ஈஸ்ட் சிறு பொட்டலத்திலும் இருக்கும். கலங்கலைப் படியவைக்கும் பெண்டோனைட் என்ற களிமண், கிருமிகளை அடக்கும் கந்தக உப்பு, கடைசியில் தெளிவைத்தரும் பொருள் ஆகியவை தனித்தனிப் பொட்டலங்களில் வரும். தெளிவைத்தரும் பொருள் சில பெட்டிகளில் இறால் ஓட்டிலிருந்தும், சிலவற்றில் மீனின் காற்றுப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதால், சைவ உணவுக்காரர்கள் அட்டையைப் படித்துப் பார்ப்பது நல்லது.

சாற்றைச் சுண்டி வீட்டு ஒயினுக்காக விற்கும் இவ்வழக்கத்திற்கு மதுவிலக்கே ஒரு வகையில் தூண்டுதலாயிற்று. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தபோது, வீட்டு உபயோகத்துக்குப் பழச்சாறு தயாரிக்கச் சட்டம் இடங்கொடுத்தமையால், திராட்சைத் தோட்டக்காரர்கள் சாற்றைச் சுண்டவைத்தும் கட்டியாக்கியும் குடும்பங்களுக்கு விற்றார்கள். நம் நாட்டில் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது அதற்குப்பின், 1937-இல்.

இனி, பாத்திரத்துக்குள் நிகழ்வது என்ன என்று பார்ப்போம். ஈஸ்ட் என்பது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர். அது சர்க்கரையை உண்டு, ஏறக்குறையச் சரிபாதி மதுசாரமாகவும் மறுபாதி கரியமில வாயுவாகவும் பிரித்துவிடுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் மதுசாரம் 1 சதவிகிதம் கூடும். சர்க்கரை கரைந்த நீர் கனமானது, மதுசாரமோ நீரினும் லேசானது. ஆதலால் தொடக்கத்தில் 1.080-க்கு மேல் காட்டும் திரவமானி (நீரை 1.000 எனக் கொண்டு அடர்த்தியை அளக்கும் கருவி), நொதித்தல் முடியும்போது 1.000-க்குக் கீழே இறங்கிவிடும். வாயு வெளியேறவும் வெளிக்காற்று உட்புகாதிருக்கவும், நீர் நிரப்பிய வளைகுழாய் ஒன்றை மூடியில் செருகுகிறார்கள். அது அடைபட்டால் பாத்திரமே வெடிக்கக்கூடும், அது இல்லாவிடில் காற்றை நாடும் வேறொரு நுண்ணுயிர் புகுந்து மதுவைக் காடியாக்கிவிடும்.

ஆனால், இத்தனை ஏற்பாட்டையும் குலைக்கவல்லது உஷ்ணம். பெட்டியோடு வரும் குறிப்பு பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையைக் கேட்கிறது. குளிர்தேசத்து வீட்டில் அது எளிது. கத்திரி வெயிலில் 40 டிகிரியை நெருங்கும் நம் ஊர்களிலோ, தானும் உஷ்ணத்தை உண்டாக்கும் ஈஸ்ட் வெறிகொண்டு பொங்கி, துர்நாற்றத்தை எழுப்பி, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே ஓய்ந்துவிடும். இச்சங்கடத்தை நம் முன்னோர் தீர்த்த விதம் என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. திராட்சையைக் கஷாயமாக்கி, வெல்லமும் மருந்துச் சரக்குகளும் தாதகிப்பூவும் சேர்த்து, மட்பாண்டத்தில் ஊற்றி, வாயைச் சீலைமண் பூசி அடைத்து, நெற்குவியலுக்குள் ஒரு மாத காலம் புதைத்துவைப்பது திராட்சாரிஷ்டம் செய்யும் சம்பிரதாயம். காட்டாத்தி என்றும் வழங்கும் அந்தப் பூவில் ஒட்டியிருக்கும் இயற்கை ஈஸ்டே நொதித்தலைத் தொடங்கிவைக்கிறது. நெல் உஷ்ணத்தை எளிதில் கடத்தாதாகையால், பகல் வெயிலும் இரவுக் குளிரும் பாண்டத்தை உடனே சென்று தாக்குவதில்லை.

பாண்டத்தைத் திறந்ததும் வைத்தியர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அதன் வாயருகே பிடிப்பார். சுடர் அணைந்தால் உள்ளே வாயு இன்னும் எழுகிறது, நொதித்தல் முடியவில்லை என்று அறிந்து மறுபடி மூடிவைப்பார். சுடர் நின்று எரிந்தால் வடிகட்டலாம். திரவமானி சொல்லும் செய்தியையே அந்தச் சுடரும் சொல்லிற்று. எனினும் எவ்வளவு சர்க்கரை மிஞ்சியது என்பதை எண்ணால் மதிப்பிட்டுக் காட்டுவதில் திரவமானியே மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்துக்குப் பலியானோரை நினைப்பவர்கள், வீட்டு ஒயினும் அப்படிக் கொல்லுமோ என்று அஞ்சுவது இயல்பே. அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால் என்னும் ஆலை ரசாயனம். பழச்சாறு நொதிக்கும்போது மெத்தனால் மிகச் சொற்ப அளவிலேயே உண்டாகிறது. வடித்துச் சாராயமாக்குவது வேறு தொழில். வீட்டில் அதை முயல்வது எந்தத் தேசத்திலும் ஆபத்தானது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மலைக்கு அப்பால், கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் காய்க்கிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், நாமும் செய்து பார்க்கலாமே என்ற ஆசை எழக்கூடும். ஆனால், 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. அரசே டாஸ்மாக் கடைகளை நடத்தினாலும், உரிமமின்றி மது தயாரிப்பது, அது கிறிஸ்துமஸுக்காக வீட்டில் ஊறவைக்கும் ஒயினாயினும், குற்றமே. அரிஷ்டம் செய்து விற்பதற்கும் மருந்து உரிமம் வேண்டும். ஆகவே வெளிநாட்டுப் பிள்ளைகள் அன்போடு ஒரு பெட்டியை அனுப்பிவைக்க முன்வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அந்தத் திரவமானி இறங்குவதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.