வெயிலில் சுருண்டு விழுந்தால் "மாரடைப்பு" என்று விட்டுவிடாதீர்கள்!

வ.புதுப்பட்டி:
மலை அடிவாரத்து ஊர்தான். வயலும் தென்னந்தோப்பும் உண்டு. ஆனாலும் சித்திரை வெயில் வ.புதுப்பட்டியை விட்டுவைப்பதில்லை. உலகமே சூடாகிறது. 2024-ல் பூமியின் சூடு அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது.

வயல் வேலை பார்ப்பவருக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சு குழறுகிறதா? உயிருக்கு ஆபத்து! நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

ரூ.4 லட்சம்

வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் பலியானவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம். ஆனால், வெயிலால்தான் சாவு என்று சான்று வேண்டும். "மாரடைப்பு" என்று அடக்கம் செய்துவிட்டால் பணமும் இல்லை, கணக்கும் இல்லை.

ஆகவே, "வெயிலில் வேலை பார்த்தார்" என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!