டிஸ்க்குக்கு எண்ணெய் விடாதீர்கள்

டிஸ்க் பிரேக் பூட்டிய சைக்கிளில் கீச்சென்று சத்தம் எழுகிறதே என்று, செயினுக்கு விடுகிற எண்ணெயில் இரண்டு சொட்டை அந்த டிஸ்க்கின்மேலும் விட்டுவிட்டு, மறுநாள் இறக்கத்தில் வண்டி நில்லாமல் போய் முழங்கை சிராய்ந்து வரும் பிள்ளைகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எண்ணெய் ஊறிய பேடைக் கழற்றி எறிந்து புதியது போட்டு, டிஸ்க்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதே அதற்குப் பரிகாரம்.

ரிம்மைக் கவ்வும் பழைய பிரேக்கோ பராமரிப்புக்கு எளிது. ஆனால் தேய்வது ரப்பர் கட்டை மாத்திரமே என்று நம்புவது பெரும் பிரமை. மழைச் சேற்றின் மணல் கட்டையில் பதிந்து, அலுமினிய ரிம்மின் பக்கச் சுவரையே அராவிவிடுகிறது. சுவர் மெலிந்து குழிந்தபின், டயருக்குள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தால் ஓட்டத்திலேயே ரிம் பிளந்துபோகவும் கூடும். அநேக ரிம்களில் அடையாளமாக ஒரு சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்த அன்றே ரிம்மை மாற்றிவிட வேண்டும். டிஸ்க்கில் இந்தத் தேய்மானம் ரிம்மைத் தொடுவதில்லை என்பது மெய்யான அனுகூலம். ஆயினும் டிஸ்க்கும் தேயும்: ஷிமானோ டிஸ்க் புதிதில் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் கனம், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் மோட்டார் சைக்கிள் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். ஊற்றுமுன் லீவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

வாங்கிய சில வாரங்களிலேயே பிரேக்கில் எண்ணெய் கசிந்தால் அது தேய்மானமன்று, குறைபாடு. 'பிரேக்குக்கு வாரண்டி இல்லை' என்ற கடைக்காரரின் சொல்லைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். முதலில் எழுத்து மூலம் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொண்டு, பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வக்கீல் இன்றியே மனு கொடுக்கலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. பில், வாரண்டி அட்டை, புகார் நகல், புகைப்படங்கள் ஆகியவற்றை மனுவுடன் இணையுங்கள். நூறு ரூபாய் குறைகிறதென்று பில் இல்லாமல் வாங்குகிறவர்களை என்ன சொல்வது! பில் இல்லாவிடில் வாங்கியதை நிரூபிப்பதே பெரும்பாடு. மறுபடியும் சொல்கிறேன், பில் வாங்குங்கள். பழுதான உறுப்பையும் கடையில் விட்டு வராதீர்கள். ஆணையம் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப நேர்ந்தால் கேட்பது அந்த உறுப்பைத்தான்.