புண் இல்லை, ஆனால் நெஞ்சு எரிகிறது!

இரவுச் சாப்பாடு முடிந்து படுத்ததும் நெஞ்சு எரிகிறது. புளித்த நீர் தொண்டை வரை எதுக்களித்து வருகிறது. தூக்கம் போய்விடுகிறது.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு உணவுக் குழலைப் பார்க்கிறார்கள். "புண் எதுவும் இல்லை" என்கிறார், டாக்டர். வீட்டில் இருப்பவர்களோ, "எல்லாம் மனப்பிரமை!" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அது பிரமை அல்ல. நோய்தான்! எதுக்களிப்பு நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல், உணவுக் குழலில் புண் தெரிவதில்லை.

கதவு திறந்தால்...

இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கிறது. இரைப்பை அதைத் தாங்கும். உணவுக் குழல் தாங்காது. இரண்டுக்கும் நடுவே, தசையால் ஆன கதவு ஒன்று இருக்கிறது. அது வேண்டாத நேரத்தில் திறந்தால் அமிலம் மேலே ஏறும். சிலருக்குச் சிறிதளவு பட்டாலே எரியும்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து

ஓமிப்ரசோல் என்ற மருந்து 1988-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இரைப்பைச் சுவரில், அமிலத்தை இறைக்கும் நுண்ணிய "பம்பு"கள் இருக்கின்றன. இந்த மருந்து அவற்றை நிறுத்துகிறது.

சாப்பிடும்போதுதான் பம்புகள் மும்முரமாக வேலை செய்யும். ஆகவே, காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையை விழுங்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். 4 முதல் 8 வாரம் வரை சாப்பிடச் சொல்வது வழக்கம்.

புண் இல்லாதவர்களில் சிலருக்கு இந்த மருந்து கேட்பதில்லை. அவர்கள் தாங்களாகவே மாத்திரையைக் கூட்டக் கூடாது. எரிச்சலுக்குக் காரணம் அமிலம்தானா என்று 24 மணி நேரம் அளந்து பார்க்கும் சோதனை உண்டு.

மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். கதவைச் சரி செய்யாது. எரிச்சல் நின்ற பிறகு, மருந்தைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அமிலம் அதிகமாகச் சுரந்து மீண்டும் எரியலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தலாம். உடல் பருத்தவர்கள் எடையைக் குறைக்க வேண்டும்.

எச்சரிக்கை!

விழுங்குவதில் சிரமம், ரத்த வாந்தி, கறுத்த மலம், காரணமின்றி உடல் மெலிதல்- இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். மாத்திரையைத் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!